நிலாவில் விட்ட பிள்ளை

மேடையில் வீற்றிருக்கும் பேரூராட்சிப் பெரியோர்களே, அங்கன்வாடிப் பணியாளர் சகோதரிகளே, மேலப்பாளையத்திலிருந்து பேருந்து மாறி வந்திருக்கும் காஜா முகைதீன் பாய் அவர்களே, பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் முக்கூடல் தாய்மார்களே, முன்னால் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து இந்த மனிதர் எப்போது முடிப்பார் என்று பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைகளே! சிறுவர் வாசிப்பு வட்டத்தின் செயலாளர் தில்லைநாயகமாகிய நான் உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அழுதார்கள். கேட்ட நீங்களும் அழுதீர்கள். அழ வேண்டியதுதான். ஆனால் நான் ஒன்று சொல்லப்போகிறேன், சொன்னதும் என்னைக் கீழே இறக்கிவிடாதீர்கள். எனக்கு நிம்மதியாக இருக்கிறது! ஆம், இரங்கல் கூட்டத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்கிறேன், நிம்மதியாக இருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் எழுந்தேன்.

யார் இந்த ஆறுமுகத்தாய் டீச்சர்? அரசாங்கக் காகிதத்தில் அவர் அங்கன்வாடிப் பணியாளர். உங்களுக்கும் எனக்கும் பால்வாடி டீச்சர். இந்த ஊரில் இன்று பேருந்து ஓட்டுகிறவர்கள், கடை வைத்திருக்கிறவர்கள், கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள், இவர்களில் பாதிப் பேருக்கு முதல் கேள்வியைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பதிலைச் சொல்லிக்கொடுத்தவர் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். பதில் சொல்லும் பழக்கமே அவருக்குக் கிடையாது! ஒரு குழந்தை எதைக் கேட்டாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "தெரியலையே தாயி, வா பாப்போம்."

அந்த "வா பாப்போம்" இந்த ஊரை என்ன பாடு படுத்தியது என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒருநாள் ஒரு குழந்தை, நம் தெரு வாய்க்கால் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டுவிட்டது. டீச்சர் என்ன செய்தார்? பிள்ளைகள் எல்லோரையும் தன் சேலை முந்தானையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ரயில் வண்டி விட்டபடி வாய்க்காலோடு நடந்துவிட்டார். மத்தியானம் சோறு ஊட்ட வந்த தாய்மார்கள் பார்த்தால் பால்வாடியில் ஈ காக்கை இல்லை! ஊரே கூடிவிட்டது. அப்போது நான் இங்கே தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர். எனக்கு வருகிற கோபம் உங்களுக்குத் தெரியும். தாய்மார்கள் பாதி, நான் பாதி, எல்லோரும் ஓடினோம்.

ஆற்றங்கரையில் வரிசையாக உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருக்கிறார்கள் பிள்ளைகள். "ஏளா ஆறுமுகத்தாய், சொல்லாம கொள்ளாம பிள்ளைகள எங்கன கூட்டிட்டு வந்த?" என்று ஒரு தாய் கத்துகிறார். டீச்சர் உதட்டில் விரலை வைத்து, "பைய பேசுக்கா. தண்ணி ஆத்துல சேருத எடத்த இப்பதான் கண்டுபிடிச்சிருக்குதுவ. நீயும் வந்து பாரு" என்கிறார். திட்ட வந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள். நான் கடைசிவரை நின்றுகொண்டே திட்டினேன். கேட்கத்தான் ஆளில்லை. பிறகு நானும் செருப்பைக் கழற்றினேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். மையத்தைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். சுவரில் சத்துணவு பற்றிய படம் ஒட்டியிருக்க வேண்டும் என்பது விதி. டீச்சரும் ஒட்டியிருந்தார், தானே வரைந்து! கீரை இருக்கிறது, முட்டை இருக்கிறது, ஓரத்தில் நிலா இருக்கிறது, நிலாமேல் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா இது, நிலாவுக்கும் சத்துமாவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். "சார், அங்கன வரைக்கும் போவணும்னா ஒடம்புல தெம்பு வேணுமில்லா?" என்றார் டீச்சர். அதிகாரி சிரித்துவிட்டார். போகும்போது அந்தப் படத்தைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு போனார்.

அந்த நிலாப் பிள்ளைதான் பின்னால் புத்தகமானாள். ஓய்வு பெற்ற பிறகு டீச்சர் வாசிப்பு வட்டத்துக்கு வந்து, "ஒரே ஒரு படப் புத்தகம் போடணும் சார்" என்றார். பெயர், "தட்டான் எங்கே போகுது?" கதை சின்னது. அம்மா பீடி சுற்றுகிறாள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகள் சன்னலில் ஒரு தட்டான்பூச்சியைப் பார்க்கிறாள். "தட்டானே, எங்கே போற?" என்று கேட்கிறாள். அதன் பின்னாலேயே போகிறாள். ஆற்றுப் பாலம், நெல்வயல், பொதிகை மலை, மேகம், கடைசியில் நிலா. நிலாவில் உட்கார்ந்துகொண்டு, "இங்கிருந்து பார்த்தால் எங்கள் வீடு தெரியுது" என்கிறாள். பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி. அவ்வளவுதான்!

அவ்வளவுதானா? அச்சுக்குக் கொடுக்கும் முன் டீச்சர் அந்தப் படங்களை நம் தாய்மார்களிடம் காட்டினார். எல்லோரும் ரசித்தார்கள். கடைசிப் படம் வந்ததும் மாரிக்கண்ணு கேட்டாள். அதோ, தூணோரம் உட்கார்ந்திருக்கிற மாரிக்கண்ணுதான். "எல்லாம் சரி டீச்சர். பிள்ளைய நிலாவுல விட்டுட்டீயளே, திரும்ப யாரு கூட்டிட்டு வருவா?"

அன்றைக்குப் பிடித்தது சனி! ஏணி வரைந்து பார்த்தார் டீச்சர். கயிறு வரைந்தார். கொக்கின் முதுகில் ஏற்றி இறக்கிப் பார்த்தார். அம்மாவே மேலே போய்க் கூட்டி வருவதாகவும் வரைந்தார். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டார். "எப்படி வரைஞ்சாலும் ஆசப்பட்டுப் போன பிள்ளையக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வாரது மாதிரியே இருக்கு சார். போனது தப்புன்னு சொல்லுத மாதிரி இருக்கு" என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

அவர் புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கு ஒரே மகள், இதோ மேடைக்குக் கீழே இருக்கிற விஜயஸ்ரீ. செவிலியர் படிப்பு முடித்ததும் சவுதியில் வேலை கிடைத்தது. தகப்பன் இல்லாத பிள்ளை. "ஒத்தப் பொம்பளப் பிள்ளைய கடல் தாண்டி அனுப்புதாளே, இவளுக்கு நெஞ்சு இருக்கா கல்லு இருக்கா" என்று பேசாத வாய் உண்டா இந்த ஊரில்? டீச்சர் அனுப்பிவைத்தார். ஆனால் ஒவ்வொரு முறை விடுமுறை முடிந்து மகள் புறப்பட்டுப் போன பிறகும், "நாந்தான கேளு, பாரு, போ போன்னு சொல்லிச் சொல்லி வளத்தேன். சரியாத்தான் செஞ்சேனா சார்?" என்று கேட்பார். எத்தனையோ பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொன்னவருக்கு, தன்னுடைய இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. "வா பாப்போம்" என்று போய்ப் பார்க்கிற இடமா அது?

அப்போதுதான் நோய் தெரிந்தது. தெரியும்போதே முற்றிவிட்டது. விஜயஸ்ரீ விடுப்புப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். எத்தனையோ பேருக்குப் படுக்கையில் செய்த பணிவிடையைத் தன் தாய்க்கும் செய்தாள். அவள் செய்தது போல் யார் செய்வார்கள்! டீச்சர் என்னை மருத்துவமனைக்குக் கூப்பிட்டு, "பிள்ளைய எப்படிக் கூட்டிட்டு வாரதுன்னு எனக்குத் தெரியல. நிலாவுலயே இருக்கட்டும். அச்சுக்குக் குடுத்துருங்க சார்" என்றார். அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

கொடுத்தோம். எழுத்துப்பிழை பார்த்தேன், மறுபடி பார்த்தேன், ஒற்று விட்டிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். குழந்தைகள் கிழிக்காமல் இருக்கக் கெட்டியான அட்டைத் தாள். பக்க எண் வேண்டாம் என்றார் டீச்சர், பிள்ளைகள் படம் பார்ப்பார்களே தவிர எண்ணைப் பார்க்க மாட்டார்கள் என்று. முகப்பில் புத்தகத்தின் பெயர். பின்னட்டையில் எழுத்தே கிடையாது, ஆறு மட்டும் ஓடும். அச்சான தாள்களைக் கட்டுவதற்காக மேலப்பாளையத்தில் காஜா முகைதீன் பாயிடம் ஒப்படைத்தோம். அவர் கட்டிய புத்தகம் பிரிந்து வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

பாய், நீங்கள் தலையைக் குனிய வேண்டாம். நிமிர்ந்து உட்காருங்கள். இது உங்களைப் புகழ்கிற இடம்.

பாய்க்கு அப்போது மதரசாக்கள் திறக்கிற நேரம். குழந்தைகளுக்கான அரபிப் பாடப் புத்தகங்கள் கூரை வரை குவிந்து கிடந்தன. நாள் முழுக்க அதே வேலை. வலமிருந்து இடமாகப் படிக்கிற அரபிப் புத்தகத்துக்கு முதுகு, அதாவது தைக்கிற ஓரம், வலப்பக்கம், நம் தமிழ்ப் புத்தகத்துக்கு இடப்பக்கம், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாய்க்குத் தெரியாதா? தெரியும். அவர் கைக்குத்தான் அந்த நேரத்தில் மறந்துவிட்டது! நம்முடைய தாள்களும் வந்தன, வந்த வேகத்தில் வலப்பக்கம் பசை வைத்து, வலப்பக்கம் தைத்து, வலப்பக்கம் முதுகு ஒட்டி, அவ்வளவு புத்தகத்தையும் கட்டி அடுக்கிவிட்டது அந்தக் கை.

நான் போய் ஒன்றை எடுத்து, நாம் எப்போதும் திறக்கிற மாதிரி திறக்கிறேன். முதல் பக்கத்தில் நிலா! அடுத்த பக்கம் மேகம்! அடுத்தது மலை! கடைசியில் வீடு! கதையே தலைகீழ்! அப்படியே அங்கிருந்த காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். பாய் என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார்.  "யா அல்லாஹ்! என்ன காரியம் செஞ்சுட்டேன்! பிரிச்சுக் கட்டித் தாரேன் சார்" என்றார். ஒன்றைப் பிரித்தும் பார்த்தார். அட்டைத் தாள் பசையோடு சேர்ந்து கிழிந்து, அந்தப் பிள்ளையின் முகம் பாதியாகப் போனது. மறுபடி அச்சடிக்க அவகாசம் வேண்டும். டீச்சருக்கு அவகாசம் இல்லை.

என்ன செய்வது? சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? இந்தப் புத்தகத்தை அவர் கையில் கொடுப்பதா? கடைசி ஆசையும் கோணிப்போனது என்று தெரிந்தா ஒரு மனுஷி கண்ணை மூட வேண்டும்? கொடுக்காமல் இருப்பதா? கையில் பார்க்காமலேயா போக வேண்டும்? நான் பொய் சொன்னேன். பசை காயவில்லை என்று சொன்னேன். மறுநாளும் அதையே சொன்னேன். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "பங்குனி வெயிலு மண்டையப் பொளக்குது, பசை மட்டும் காய மாட்டேங்குதோ? என்ன பசை சார் அது?" என்றார். விஜயஸ்ரீ என்னை வெளியே அழைத்து, "அம்மாட்ட மறைக்காதீங்க சார், அவங்க எதையும் தாங்குவாங்க" என்றாள். எனக்குத் தைரியம் வரவில்லை.

தைரியம் பாய்க்கு வந்தது. தன் கையால் ஆனதைத் தானே சொல்லிவிடுவது என்று, பேத்தி ஸமீஹாவைக் கூட்டிக்கொண்டு, ஒரு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கே வந்துவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அறை வாசலில் குறுக்கே நின்றுகொண்டேன். நானும் அவரும் வாசலில் கிசுகிசுவென்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். அதே நேரம் டீச்சரைப் பார்க்க மாரிக்கண்ணுவும் மகள் இசக்கியம்மாவைக் கூட்டி வந்திருந்தாள். இரண்டு பிள்ளைகளும் நடையில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். புத்தகம் ஸமீஹாவின் கையில்!

ஸமீஹா தினமும் மதரசாவுக்குப் போகிற பிள்ளை. வலப்பக்கம் முதுகென்றால் அவளுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. பெயர் எழுதிய முகப்பிலிருந்து சரியாகத் திறந்து, சரியாகப் படித்துவிட்டாள். "இந்தப் பிள்ள வீட்டுலேருந்து கெளம்பி நிலாவுக்குப் போவுது" என்று கதை சொன்னாள். இசக்கியம்மா புத்தகத்தை வாங்கினாள். அவள் நம்மைப் போல. ஆறு ஓடுகிற பக்கத்திலிருந்து திறந்தாள். "போளா! அது நிலாவுலேருந்து எறங்கி வீட்டுக்கு வருது!" என்றாள்.

"பொய் சொல்லாத! போவுது!"

"நீதான் பொய் சொல்லுத! வருது!"

சத்தம் அறைக்குள் போய்விட்டது. "என்னட்டி சண்ட அங்கன? ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்று குரல் வந்தது. என் கைக்குக் கீழே குனிந்து இரண்டும் உள்ளே ஓடிவிட்டன. பிள்ளைகளை மறிக்க யாரால் முடியும்?

கட்டிலின் அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. ஸமீஹா தன் பக்கத்திலிருந்து ஒவ்வொரு ஏடாகத் திருப்பி வாசித்துக் காட்டினாள். பிறகு இசக்கியம்மா தன் பக்கத்திலிருந்து வாசித்தாள். "இங்கிருந்து பார்த்தால் எங்கள் வீடு தெரியுது." அதுதான் அவளுக்கு முதல் வரி! வீடு தெரிகிறது, அதனால் அந்தப் பிள்ளை புறப்படுகிறாள். மேகத்தில் இறங்கி, மலை தாண்டி, வயல் வழியாக, பாலத்தில் நடந்து வருகிறாள். கடைசிப் பக்கத்தில் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருக்கிறாள், மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். சன்னலில் தட்டான். "தட்டானே, எங்கே போற?"

டீச்சர் புத்தகத்தை வாங்கினார். அந்தப் பக்கமாகத் திருப்பினார், இந்தப் பக்கமாகத் திருப்பினார்.  வாசலில் பாய் கண்ணைத் துடைக்கிறார்.  டீச்சர் மகளைக் கூப்பிட்டார்.

"விஜயா, இங்கன வந்து பாருளா. பிள்ள தானா வீட்டுக்கு வந்துட்டா! யாரும் கையப் பிடிச்சு இழுக்கல. அவளுக்கா வீடு தெரிஞ்சிருக்கு, வந்துட்டா. வந்த பெறவும் கேள்வி நிக்கல பாரு, மறுபடியும் கேக்குதா!"

சொல்லிவிட்டுச் சிரித்தார் ஐயா, சிரித்தார்! இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். செவிலியர் ஓடி வந்து எங்கள் எல்லோரையும் திட்டுகிற வரைக்கும் சிரித்தார். பிறகு வாசலைப் பார்த்துச் சொன்னார்: "பாய், நா ஒரு புத்தகந்தான் கேட்டேன். நீங்க ரெண்டு தந்துட்டீய."

அதற்குள் ஸமீஹா இசக்கியம்மாவின் பக்கத்துக்கு வந்து, அவள் மாதிரியே திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எங்க வாப்பா வெளிநாட்டுலேருந்து லீவுல வாரது மாதிரி இருக்கு" என்றாள். இசக்கியம்மா அந்தப் பக்கம் போய் நிலாவுக்கு ஏறிக்கொண்டிருந்தாள். சண்டை எப்போது முடிந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் டீச்சர் சில நாள் இருந்தார். வலி இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் "சரியாத்தான் செஞ்சேனா சார்?" என்ற கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை. ஒருமுறைகூடக் கேட்கவில்லை! புத்தகம் தலையணை ஓரத்தில் இருந்தது. மகள் பக்கத்தில் இருந்தாள். ஒரு காலை நேரத்தில், விஜயஸ்ரீ தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போது, அமைதியாகப் போய்விட்டார். அதனால்தான் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருக்கிறது. துக்கம் இல்லையா? இருக்கிறது. நாளை வாய்க்கால் பக்கம் போனால் அவர் முந்தானையைத் தேடுவேன். ஆனாலும் அவர் குறையோடு போகவில்லை. நாம் எல்லோரும் ஒருநாள் போகிறவர்கள்தான், இப்படிப் போக எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பேருரை போதும், உறுதிமொழிக்கு வருகிறேன். ஆறுமுகத்தாய் டீச்சரின் புத்தகம் இரண்டாம் முறை அச்சாகும். இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு பால்வாடிக்கும் அது போய்ச் சேரும்வரை எங்கள் வட்டம் ஓயாது. கட்டப்போவது காஜா முகைதீன் பாய்தான். பாய், உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், இந்த முறை கவனமாகக் கட்டுகிறேன் என்று இடப்பக்கம் கட்டிவிடாதீர்கள்! ஆண்டுதோறும் ஆற்றில் தண்ணீர் வருகிற காலத்தில் பிள்ளைகளை முந்தானை பிடிக்க வைத்து வாய்க்காலோடு ஆற்றுக்குக் கூட்டிப் போவோம். என்னிடம் முந்தானை இல்லை, துண்டு இருக்கிறது. தாய்மார்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவேன், திட்டிக்கொண்டு வந்தாலும் சரி.

கடைசியாக ஒரு வார்த்தை, விஜயஸ்ரீக்கு. நீ அடுத்த வாரம் வேலைக்குத் திரும்புகிறாய் என்று கேள்விப்பட்டேன். "அம்மாதான் போயிட்டாளே, இனி இங்கன யாரு இருக்கா, இனி வருவாளா" என்று ஊர் இப்போதே பேசத் தொடங்கிவிட்டது. பேசட்டும். நீ போ அம்மா. தலை நிமிர்ந்து போ. உன் அம்மாவின் தலையணையோரம் இருந்த அந்தப் புத்தகத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போ. போகும்போது ஸமீஹா மாதிரி திற. வீட்டு நினைவு வருகிற அன்றைக்கு இசக்கியம்மா மாதிரி திற. நீ வருகிற அன்றைக்கு உன் வீட்டுக் கதவு பூட்டியிருக்காது, சாவி என்னிடம் இருக்கிறது, விளக்குப் போட்டு வைப்பேன்.

இதோ, டீச்சரின் புத்தகத்தில் இன்னொரு பிரதியை அவர் படத்துக்கு முன்னால் வைக்கிறேன். கூட்டம் முடிந்ததும் குழந்தைகளே, நீங்கள் முதலில் வாருங்கள். எந்தப் பக்கமிருந்து திறப்பது என்று என்னிடம் கேட்டால், நான் சொல்லப்போவது ஒன்றுதான்.

தெரியலையே தாயி, வா பாப்போம்.